தென்னகும்புர பாலத்தில் ஏறும் வெக்கை

அன்று வேனில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

ரிஸ்னா டீச்சர். திகன. வயது முப்பத்திரண்டு. நாலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

ரிஸ்னா டீச்சரின் மாமியார். பெயர் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் மாமிதான். ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, மடியில் பெரிய பிளாஸ்க்.

சாந்தி. பல்லேகலை. கார்மண்டில் தைக்கிறவள். இருபத்தொன்பது. வாய் கொஞ்சம் நீளம்.

யோகா மிஸ். வேலை வங்கியில், வாடகை வீடு குண்டசாலையில், சொந்த ஊர் யாழ்ப்பாணம். முப்பத்தாறு.

நான். மாணிக்கம். மஹய்யாவ. வேன் ஓட்டுகிறவன்.

வேறு யாரும் இல்லை.

வேன் ட்ரைவர்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தா, புதிதாக ஓட வருகிறவர்களுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்றார்கள். எனக்கு எழுத்து வராது. நடந்ததை எழுதுகிறேன்.

1. ஏசி

கல்யாண ஹயர், எயார்போட் ஹயர், செத்தவீட்டு ஹயர் எல்லாம் ஓடியிருக்கிறேன். கிளினிக் ஹயர் அதுதான் முதல். நாலு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை. திகனவில் தொடங்கி, பல்லேகலை, குண்டசாலை, தென்னகும்புர பாலம், கண்டி. மூன்று பேரையும் கிளினிக்கில் இறக்கிவிட்டுக் காத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மாமி நோயாளி இல்லை. மருமகளுக்குத் துணை. மகன் கட்டாரில் இருக்கிறார்.

மூன்று பேரும் மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தவர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் மேலே கேட்கவில்லை. ட்ரைவர் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் குண்டசாலையில் யோகா மிஸ் ஏறினார். வேன் எடுக்குமுன் மாமி பிளாஸ்க்கைத் திறந்தார். கொத்தமல்லித் தண்ணி. கொதிக்கக் கொதிக்க. எல்லாருக்கும் ஒரு கோப்பை, எனக்கும் ஒன்று. வேண்டாம் என்று சொல்ல முடியாது. கோப்பையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். குடித்தோம். உறைத்தது. வேனை எடுத்தேன்.

பாலத்துக்குக் கிட்டப் போகும்போது சாந்தி கண்ணாடியைப் படார் என்று திறந்தாள்.

"மாமா, ஏசி போட்டிருக்கீங்களா, அடுப்பு போட்டிருக்கீங்களா?"

மேல் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மூன்று பேரின் முகமும் சிவந்து கிடந்தது. யோகா மிஸ் கிளினிக் ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். ரிஸ்னா டீச்சர் நெற்றியைத் துடைத்தார். எனக்கும் கழுத்து நனைந்திருந்தது. மாமி மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியைச் சாத்துங்க புள்ள, சளி தடிமன் வரப்போகுது என்றார்.

நான் யோசித்தேன். குளிர் மாமியின் சீட்டுக்கு மட்டும்தான் போகிறது. ஏசி பழுது.

கட்டுகஸ்தோட்டையில் மெக்கானிக் சிரில் பாஸின் கராஜுக்குக் கொண்டுபோனேன். ஏசிக்கு ஒன்றும் இல்லை என்றார். எதற்கும் கேஸ் அடியுங்கள் என்றேன். அடித்தார்.

அடுத்த மாதமும் அதே கதை. அதே இடம். பாலத்துக்குக் கிட்ட. திரும்பவும் கராஜ். சிரில் பாஸ் ஏசி வாயில் கையை வைத்துப் பார்த்தார். இந்த வேனில் மீன் ஏற்றலாம், கெட்டுப்போகாது என்று சிங்களத்தில் சொன்னார். நான் நம்பவில்லை. இன்னொரு தரம் கேஸ் அடிக்கச் சொன்னேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் சரியில்லை. எப்போது பார்த்தாலும் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நிற்பாள். கதவு ரப்பர் போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். அப்போதும் நின்றாள். அந்த வருடம் எனக்கு குளிர்ச் சாமான் எதுவும் சரிவரவில்லை.

2. முன் சீட்

மூன்றாம் மாதம் சண்டை வந்தது. முன் சீட்டில்தான் ஏசிக் காற்று நேரே அடிக்கும். சாந்தி அதில் ஏறிவிட்டாள். யோகா மிஸ் முறை வைத்து இருப்போம் என்றார். முறை என்றால் ரிஸ்னாவுக்கும் முறை வரும். ஆம்பிளை ட்ரைவருக்குப் பக்கத்தில் மருமகளை இருத்த மாமி சம்மதிக்கவில்லை. மருமகள் இருக்காத சீட்டில் வேறு ஒருவரும் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். கடைசியில் முன் சீட்டில் பிளாஸ்க்கை வைத்தார்கள். நல்ல காற்றெல்லாம் பிளாஸ்க்குக்கு அடித்தது.

பாலம் வந்தது. வெக்கையும் வந்தது. இப்போது எல்லாரும் பாலத்தைச் சந்தேகப்பட்டார்கள். ஆற்று ஆவி என்றார் யோகா மிஸ். என் வேன் என்ஜின் பாலத்து ஏற்றத்தில் கொதிக்கிறது என்றாள் சாந்தி. மாமி ஏதோ ஓதி மூன்று பேரின் தலையிலும் ஊதினார். எனக்கும் ஊதினார். பிறகு வழக்கம்போலச் சொன்னார், ஊசியை நிறுத்தினால் சூடும் நிற்கும்தானே என்று.

எந்த ஊசி என்று அன்றுதான் கேட்டேன்.

யோகா மிஸ் முன்னால் குனிந்தார். "அண்ணை, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"இல்லிங்க."

"எங்களுக்கு வந்தது ஹோர்மோனைக் குடிச்சு வளருற சாதி. இந்த வயசில சூலகம் அதைச் சுரந்துகொண்டே இருக்கும். அதுதான் மாசாமாசம் வயித்தில ஊசி போட்டு சூலகத்தை நித்திரையாக்குகினம். அதோட ஒவ்வொரு நாளும் ஒரு குளிசை. எனக்கு வயசு முப்பத்தாறு. உடம்பு நினைக்குது அம்பத்திரண்டு எண்டு. அம்பத்திரண்டில வாற வெக்கை இப்பவே வருது."

"பெட்ரோல் பைப்ப அடைச்ச மாதிரி மாமா" என்றாள் சாந்தி.

நான் யோசித்தேன். பெட்ரோல் ஷெட் தாண்டியும் யோசித்தேன்.

"பைப்ப அடைச்சா வண்டி ஆறணுமே. ஏன் சூடேறுது?"

யோகா மிஸ் கண்டி வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். ரிஸ்னா டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இவ்வளவு விளங்கியது. ஏசியால் ஆகாது. லொறிக்காரர்கள் டேஷ்போர்டில் பூட்டும் சின்ன ஃபேன் மூன்று வாங்கினேன். மூன்று சீட்டுக்கும் நேரே கூரையில் பூட்டினேன்.

அடுத்த தரம் மூன்று ஃபேனும் சுற்றியது. மாமி காதுக்குப் பஞ்சு வைத்து, சால்வையால் தலையைக் கட்டிக்கொண்டார். பாலத்தடியில் ட்ராஃபிக் பொலிஸ் ராலஹாமி கையைக் காட்டினார். காலைப் பனி இன்னும் விலகவில்லை. ரோட்டில் எல்லாரும் ஜேர்ஸி போட்டிருந்தார்கள். வேனுக்குள் மூன்று ஃபேன். ஃபேன் கடை எங்கே போகிறது என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது. பெண்கள் விஷயம். நோயாளிகள் என்றேன்.

மாமிக்கு அவரைக் கண்டதும் நியாயம் கிடைத்த மாதிரி. இந்த ட்ரைவர் என்னைக் குளிரில் கொல்லப் பார்க்கிறான், எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள் என்று முறையிட்டார். ராலஹாமி மற்ற மூன்று பேரையும் பார்த்தார். சாந்தி அவருக்கு சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றையும் என்றால், ஒன்றையும் விடவில்லை. ராலஹாமியின் காது சிவந்தது. போங்க, போங்க என்றார். மாமியைப் பார்த்து, அம்மா நீங்க ஒரு தொப்பி போடுங்க என்றார்.

3. பாலம்

மேலே பெயர் எழுதிய நாள் இதுதான்.

விடிய முதல் மழை. மழை என்பதால் மாமி கொத்தமல்லிக்குக் கொஞ்சம் கூட மிளகு போட்டிருந்தார். குடித்தோம். மூன்று ஃபேனையும் ஏசியையும் ஒரே லைனில்தான் இழுத்திருந்தேன். குண்டசாலை தாண்டியதும் டப் என்று ஒரு சத்தம். பியூஸ் போய்விட்டது. ஃபேன் நின்றது. ஏசி நின்றது. வெளியே மழை, கண்ணாடி திறக்க முடியாது. முன்னால் பாலம்வரை வாகனம் நெரிந்து நின்றது.

வெக்கை வந்தது. மூன்று பேருக்கும் ஒரேயடியாக.

சாந்தி செருப்பைக் கழற்றினாள். யோகா மிஸ் ஃபைலால் விசிறி விசிறி ஃபைல் மட்டை பிய்ந்தது. "மாமி, நீங்க பொத்திக்கிட்டு இருக்கீங்க, நாங்க இங்க அவிஞ்சு போறோம்" என்றாள் சாந்தி. அப்போது ரிஸ்னா டீச்சர் கதவை இழுத்துத் திறந்து மழைக்குள் இறங்கினார். சாந்தியும் இறங்கினாள். யோகா மிஸ்ஸும் கைப்பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். மூன்று பேரும் ரோட்டோரம் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து பஸ் கொண்டக்டர் தலையை நீட்டி, வேன் நின்றுவிட்டதா, தள்ளவா என்று கேட்டார். ஆள்கள்தான் சூடாகிவிட்டார்கள் என்றேன்.

ஆறியதும் இரண்டு பேர் ஏறினார்கள். ரிஸ்னா டீச்சர் ஏறவில்லை.

"நான் வாரல்ல மாமி. ஊசி வாணா. குளிசையும் வாணா."

மாமி வாயைத் திறந்தார். டீச்சர் விடவில்லை.

"நித்திர இல்ல. கிளாஸ்ல பாதியில ஓடிப்போய் மொகம் கழுவுறேன். புள்ளைகள் கேக்குதுகள், டீச்சர் ஏன் அழுறீங்க எண்டு. நீங்களும் ஒவ்வொரு நாளும் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு சொல்றீங்க. இந்தா நிப்பாட்டிட்டேன்."

வாகனங்களுக்கு நடுவால் நடந்து எதிர்ப்பக்கம் போனார். திகன பஸ் நிற்கும் ஹோல்ட் அங்கேதான்.

யோகா மிஸ் மெதுவாகச் சொன்னார். ஊசியை நாமாக விட்டால் சூலகம் முழித்துவிடும், இவருடைய கட்டிக்கு அதுதான் சாப்பாடு என்று. டீச்சருக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

மாமி இறங்கினார். குடை இல்லை. சால்வை சீட்டிலேயே கிடந்தது. ரோட்டைக் கடக்கப் பார்த்தார். முன்னால் வாகனங்கள் நகரத் தொடங்கிவிட்டன, கடக்க முடியவில்லை. இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"புள்ள, எனக்கும் இந்தச் சூடு ஈந்திச்சு."

டீச்சர் திரும்பவில்லை. மாமி இன்னும் பலமாகச் சொன்னார்.

"அம்பது வயசுல. ரெண்டு வருஷம். ஃபிரிட்ஜத் தொறந்து தலய உள்ளுக்கு வெச்சிட்டு நிண்டேன்."

நடுவில் ஒரு லொறி போனது. அது போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"ஒங்கட மாமா கேட்டாரு, என்ன தேடுறாய் எண்டு. தயிர் தேடுறேன் எண்டேன். மனிசன் நம்பிட்டாரு. ரெண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் தயிர்ச் சட்டி வாங்கியாந்தாரு. எனக்கு தயிர் புடிக்காது புள்ள."

ஒரு த்ரீவீலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் திரும்பினார்.

"அப்ப ஏன் திண்டீங்க?"

"வேற என்ன செய்ய."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"மாமிமாருக்கு அப்பிடி ஒண்டும் வாரல்ல எண்டுதான் எல்லாரும் நெனக்கிற."

மழை கொட்டியது. மாமியின் ஸ்வெட்டர் நனைந்து முழங்காலுக்கு இறங்கிவிட்டது. குளிரில் பல் அடித்தது. ஆனாலும் நின்றார்.

"எனக்கு சும்மா வந்த சூடு. ஒனக்கு உசிரக் காப்பாத்த வாற சூடு. நிப்பாட்டு எண்டு சொன்னது என்ட புத்தி கெட்ட கத. நாளைக்கி புள்ள ஸ்கூல் உட்டு வந்து உம்மா எங்க எண்டு கேட்டா, நான் என்ன, ஃபிரிட்ஜயா காட்டுற?"

அப்போது திகன பஸ் வந்து ஹோல்டில் நின்றது. டீச்சரை மறைத்துவிட்டது. மாமி அசையவில்லை. சாந்தி என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் ஒரே ஹோர்ன். நான் எடுக்கவில்லை.

பஸ் போனது. டீச்சர் அங்கேயே நின்றார். ஒரு கையில் செருப்பு.

ரோட்டை மறித்து அவரைக் கடக்க விட்டது அதே ராலஹாமிதான். கடந்து வந்ததும் மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஏறினார்கள். ராலஹாமி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஃபேன் வேலை இல்லையா?" என்று கேட்டார்.

"பியூஸ்" என்றேன்.

தலையை ஆட்டினார். உண்மையான கவலை.

4. பிளாஸ்க்

கிளினிக்கில் நாலு பேரும் நனைந்த கோழி மாதிரி வரிசையில் இருந்தார்கள். நான் மாமியின் சால்வையைக் கொண்டுபோய்க் கொடுக்க உள்ளே போனேன். அதனால் இதை நேரே கண்டேன்.

மாமி ஊசி போடும் நர்ஸ் மிஸ்ஸிடம் வழக்குச் சொன்னார். ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை, போடுங்கள், ஆனால் அந்தப் பாலத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார்.

"எந்தப் பாலம்?" என்றார் மிஸ்.

"தென்னகும்புர பாலம். ஒவ்வொரு முறையும் அங்கதான் மிஸ் மூணு பேருக்கும் சூடு ஏறுது. ஒரு நாளும் தப்பினதில்ல."

"பாலத்துக்கு முதல்ல என்ன செய்வீங்க?"

"ஒண்டும் இல்ல."

"சாப்பிடுவீங்களா?"

"இல்ல. கொத்தமல்லி மட்டும் குடிப்போம்." மாமி பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி மிஸ்ஸின் மூக்குக்கு நேரே பிடித்தார். "நீங்களும் குடிங்க. மழைக்கி நல்லம்."

மிஸ் ஒரு மிடறு குடித்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"கொத்தமல்லி, இஞ்சி, மிளகு, திப்பிலி. ரெண்டு கராம்பு."

"ஒவ்வொரு முறையும் குடுப்பீங்களா?"

"ஒவ்வொரு முறையும். எல்லாருக்கும்."

மிஸ் மூடியைக் கீழே வைத்தார். இந்த ஊசி போடுகிறவர்களுக்குக் கொதிக்கிற தண்ணியும் உறைப்பும் உள்ளே போனால் வெக்கை ஓடி வரும், ஊசியால் எப்படியும் கொஞ்சம் வரத்தான் செய்யும், ஆனால் நீங்கள் எரிகிற அடுப்பில் விறகு வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார்.

நாலு பேரும் பிளாஸ்க்கைப் பார்த்தார்கள். பிறகு ஏனோ என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். கராஜில் சிரில் பாஸின் மனைவி என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது.

ரிஸ்னா டீச்சர் அன்று ஊசி போட்டுக்கொண்டார். நித்திரை இல்லாததையும் வகுப்பில் ஓடுவதையும் டொக்டரிடம் முதல் தடவையாகச் சொன்னாராம். இத்தனை மாதம் ஏன் வாய் திறக்கவில்லை, அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது, ஊசியைத் தொட வேண்டியதில்லை என்று டொக்டர் ஏசினாராம். வெளியே வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்தார். மாமியின் தோளில் தலையை வைத்தார். சூடாக இருக்கிறது என்று உடனே எடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பாலத்தில் மாமி வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கி, மிச்சக் கொத்தமல்லியை ஆற்றில் ஊற்றினார்.

"மகாவலிக்கு இனிமே தடிமன் வராது மாமி" என்றாள் சாந்தி.

அடுத்த மாதம் மாமி பிளாஸ்க் கொண்டுவரவில்லை. தயிர்ச் சட்டி கொண்டுவந்தார். குண்டசாலையில் நிறுத்தி, இனிப்புக்குக் கித்துள் பாணி ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தார். அவர் தொடவில்லை. பாலத்தில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. திரும்பும்போது திகனவுக்குக் கிட்டத்தான் டீச்சருக்கு லேசாக வந்தது. ஃபேனைப் போட்டேன். பியூஸைப் பெரிதாக மாற்றியிருந்தேன்.

மாமி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கும் ஒண்டு பூட்டுங்க."

"உங்களுக்கும் வெக்கையா?"

"இல்ல. குளிருது. இவங்கட காத்து என் பக்கம் வருது. அதத் திருப்பித் தள்ள எனக்கும் ஒண்டு வேணும்."

சரி என்றேன். பூட்டினேன்.

அந்தக் கிழமை ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். என்ன தேடுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மறுநாள் குசினியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன் பூட்டினேன்.

அவள் ஃபேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது என்னத்துக்கு?"

"சும்மா."

அவள் ஸ்விட்சைப் போட்டாள். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் பழுதில்லை.

புதிதாக ஓட வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஏறினவர் வெக்கை என்றால் உடனே கராஜுக்கு ஓடாதே. என்ன குடித்தார் என்று கேள். என்ன மருந்து என்று கேள். அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று நீயாக நினைக்காதே. யாரும் கேட்காததால்தான் சொல்லவில்லை.

ரிஸ்னா டீச்சர் ஒரு மாதமும் விடவில்லை. போன செவ்வாயும் வந்தார். மாமியும் வந்தார்.

ஃபேன், வேனில் நாலு, குசினியில் ஒன்று.

ஐந்து.